தொமாஸ் என்றால் இரட்டை

ஊரை விட்டு வந்த இந்தக் குளிர் நாட்டில், எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் ஆண். இளையவன் மூன்றாம் நாள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா படிவத்தோடு வந்து, இறந்த பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். எங்களில் முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த தீட்டான துடக்கைக் கழித்த பிறகுதான் பெயர் வைப்பது. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பெயர் இல்லை என்றேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டு, பிள்ளையை அடக்கம் செய்தேன். பிழை செய்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாளை மனைவி கண்டாள்.

"பேர் இல்லாமலோ பிள்ளையைத் தாட்டனீங்கள்?"

அவள் அழவில்லை. மூத்தவனுக்கு என்ன பெயர் வைப்போம் என்று நான் கேட்கும்போதெல்லாம், முதலில் மற்றவனுக்கு வைக்கச் சொன்னாள். செத்த பிள்ளைக்குப் பெயர் வைத்தால் அது வீட்டைச் சுற்றும் என்று பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருந்த அக்கா தொலைபேசியில் எச்சரித்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அவன் பெயர் இல்லாமலே சுற்றினான். தொட்டிலில் பிள்ளையை எந்தப் பக்கம் கிடத்தினாலும் மற்றப் பக்கம்தான் கண்ணில் பட்டது. பால் கொடுத்து முடித்த பிறகும் மனைவி மடியை விரித்தபடியே இருப்பாள்.

பக்கத்து அப்பார்ட்மென்டில் சிலி நாட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் ஒருநாள் சூப் கொண்டுவந்தார். கூட வந்த ஆறு வயது மகன் எங்கள் பிஸ்கட் பெட்டியை விட்டு நகரவில்லை. யாருடைய பெயரைக் கேட்டாலும் கருத்தையும் கேட்பது எங்கள் பழக்கம். மனைவி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்.

பையனின் பெயர் தொமாஸ். யேசுவின் சீடர் ஒருவருடைய பெயர் என்றார் அவர். எங்கள் ஊர் வேதக்காரர் தோமையார் என்று கும்பிடுகிறவர்தான். ஸ்பானியரிடம் பல நூற்றாண்டாக இருந்தாலும் அது அவர்கள் மொழிச் சொல் இல்லையாம். யேசு பேசிய மொழியில் 'இரட்டை' என்று கருத்தாம். அவர்களுடைய பாதிரியார் சொல்லிக் கொடுத்தது.

மற்றப் பிள்ளை எங்கே என்று மனைவி கேட்டாள். அது உயிரோடு வரவில்லை, அதனால்தான் இவனுக்கு இந்தப் பெயர், கூப்பிடும்போது இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன் என்றார் அவர். மனைவி அவருடைய கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்தார். பிள்ளையின் வலது காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மற்றவனுக்கும் ஒன்று சொல்ல நினைத்திருந்தேன். ஐயருக்கு முன்னால் வாய் எழவில்லை.

"விடுங்கோ, நான் சொல்லுறன்," என்று மனைவி பிள்ளையை வாங்கி, இடது காதோடு வாயை வைத்தாள். ஐயர் குனிந்து விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன பெயர் என்று பிறகு கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை முதலிலை உங்களைத்தானே கேட்டவை," என்றாள். "அப்ப நீங்கள் சொல்லேல்லை."

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார்கள். நட்சத்திரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கிற அவளுடைய உதடு அசைகிறதா என்று பார்க்கிறேன்.