துரையாகக் கவிழ்த்த கூடை

நாகலூர் எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனி வகுப்பு ஒன்று உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் எழுத்துக் கற்க வருவார்கள். எழுத்து முடிந்ததும் எதிராளியாக நடித்து வழக்குப் பேசுவார்கள். பழக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவள் வெள்ளைக்காரத் துரை. கூடை இறங்கும்வரை துரையின் கட்சியைத்தான் பேச வேண்டும். கேலி பண்ணக் கூடாது.

அது 1934ஆம் வருஷத்துப் பறிப்புக் காலம். குழந்தையை மலைச்சரிவின் கீழே கூலிக்காரர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் விட்டு வந்த தாய்மார்கள் வேலைக்கு நடுவே போய்ப் பால் கொடுக்க அனுமதி இல்லை. புதன்கிழமை துரையிடம் கேட்பதென்று தீர்மானித்து, பேச அருக்காணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. மத்தியானமானால் பால் சுரந்து முந்தானை நனைந்துவிடும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கூடையை நீட்டினார் மாதையன்.

“பச்சக் கொழந்தை கத்தட்டும்னு என்ற வாயில சொல்லோணுமா? வராதுங்க.”

“தொரை அப்படிச் சொல்ல மாட்டாரு அம்மிணி. அவருக்குன்னு ஒரு நாயம் வெச்சிருப்பாரு. அதைச் சொல்லு.”

“போட்டுக்கடி, தொப்பி நொம்பப் பொருத்தந்தான்!” என்றாள் தங்கம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அருக்காணி கவிழ்த்துக்கொண்டாள். முதலில் திக்கினாள். பிறகு குரல் நிமிர்ந்தது.

“பழுத்த பழம் செடியில நிக்காது. லயத்துக்கு எறங்கி ஏற ஒரு மணி நேரம். ஒருத்திக்கு உட்டா எல்லாருக்கும் உடோணும். கூலி குடுக்கறது பழம் பறிக்க. பால் குடுக்க இல்லை.”

சிரிப்பு நின்றுபோயிற்று.

“தொரைசானியே இவகிட்டத் தோத்தா போ!” தங்கம்மா வெடுக்கென்று எழுந்தாள். “இவ நமக்குப் பேசுவாளாக்கும்!” அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

அருக்காணி கூடையை இறக்கி வைத்தாள். “அநியாயமுங்க வாத்தியாரே. ஆனா பேசப் பேச எனக்கே பதில் தெரியலீங்க.”

இரண்டு நாளாக மாதையனுக்கு அதே நினைப்பு. அவளிடம் இருந்தது கோபம் ஒன்றுதான், அதையும் பிடுங்கிவிட்டோமோ? கூடையை இறக்கிய பிறகும் துரையின் பேச்சு அவளுக்குள்ளேயே தங்கிவிட்டால்? செவ்வாய்க்கிழமை மாலை, அதை மறந்துவிடு என்று சொல்ல அவள் வீட்டுக்கே போனார். வாசலில் நின்றவள் அவரை வாய் திறக்க விடவில்லை.

“அவரு நாயம் பூராவும் லயத்துக்கு நடக்கற நேரத்துலதானுங்க நிக்குது. நாங்க நடக்காட்டி?”

புதன்கிழமை துரை சொன்னதை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தமிழில் சொல்லச் சொல்ல, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழம் நிக்காது. ஒருத்திக்கு உட்டா எல்லாருக்கும். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்ட பேச்சு. அருக்காணி முடியும்வரை பொறுத்திருந்தாள்.

“நாங்க லயத்துக்குப் போவலீங்க தொரை. பறிக்கற காட்டுலயே மரத்தடியில தூளி கட்டிக்கறோம். கால் மணி நேரம் போதும். பால் கட்டிக்கிட்டு வலிக்கற மாரோட பறிச்சா உங்க கூடை நெரம்பாதுங்க. ஒரு மாசம் பாருங்க. பழம் கொறைஞ்சா நிறுத்திப்போடுங்க.”

அதை இங்கிலீஷில் சொல்ல ரைட்டர் கூச்சத்தில் நெளிந்தார். துரை புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். பிறகு ஒரே ஒரு விரலைக் காட்டினார். ஒரு மாசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடைக்கு முதலில் கை நீட்டியவள் தங்கம்மா. “இன்னைக்கு நாந்தான் நம்மள வெரட்டற மேஸ்திரி.”

“கேலி பண்ணாமப் பேசோணுங்கக்கா,” என்றாள் மடியில் குழந்தையோடு அருக்காணி.

“அந்தாளப் போயி கேலி பண்ணாமயா? சரி, பாக்கறேன்,” என்று கூடையைக் கவிழ்த்துக்கொண்டாள் தங்கம்மா.