போஸ்டரின் பின்பக்கம்

அச்சகத்தில் பிழை திருத்தும் அக்கா, அச்சடிக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, பின்பக்கத்தில் பணம் கட்டியவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைப்பாள். இருபது வருடப் பழக்கம். சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் போஸ்டருக்குப் பின்னால் கல்குவாரி முதலாளியின் பெயர் இருந்தது.

இன்று திருத்த வந்த சட்டமன்றக் குறிப்பில், குவாரித் தூசியைக் கட்டுப்படுத்தும் மசோதாவை அதே உறுப்பினர் எதிர்த்து வாக்களித்திருந்தார். உப்பிட்டவரை மறக்காத மனிதர்! குவாரியில் வேலைபார்த்த அவள் கணவனுக்கோ இருமல் இன்னும் நிற்கவில்லை.

போஸ்டரின் பின்னால், முதலாளி பெயருக்குக் கீழே, மசோதாவை எதிர்த்துப் போட்ட அந்த வாக்கையும் எழுதினாள். பசை வாளியோடு போய், உறுப்பினர் அலுவலகத்தின் எதிர்ச்சுவரில் ஒட்டினாள். பின்னாலேயே ஓடிவந்த அச்சகக்காரர் பதறினார்.

"என்னம்மா, திருப்பி ஒட்டுறே? வேலை போயிடும்!"

"போகட்டும் சார். மூஞ்சியத்தான் ஊரே பாத்தாச்சு. முதுகையும் பாக்கட்டும்."