கணக்கில் வராத ஆள்

அதியமான்கோட்டையில் ரோட்டோரம் இருந்த சர்தார் பாயின் வெல்டிங் பட்டறைக்குள் செருப்போடு நுழைந்தால் மனுஷனுக்குக் கெட்ட கோபம் வரும். தொழுகிற இடம்போல என்று நினைத்துப் பலர் பயபக்தியோடு கழற்றி வைப்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரை முழுக்க அவர் சாக்பீஸில் படம் போட்டு வைத்திருப்பார்.

ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. கூரையை அமுக்குகிற பாரம், காற்று தள்ளுகிற வேகம், சுவர் தாங்குகிற தாங்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பத்துக் கிலோவுக்கு ஒரு அங்குலம். எது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக, ஒன்றின் நுனியில் அடுத்ததை ஒட்டிப் போட்டுக்கொண்டே போனால் கடைசிக் கோடு புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப வேண்டும். வந்து சேர்ந்து படம் மூடிக்கொண்டால் கூரை நிற்கும். இல்லாவிட்டால் எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம்.

எண்பத்தாறில் மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டிக்குக் கூரை ஏற்றினார்கள். படம் சுத்தமாக மூடியிருந்தது. பட்டறையின் பழைய ஆள் ஆண்டி, உச்சிக்கு அடுத்த மூட்டில் உட்கார்ந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காற்றைக்கூட எண்ணுகிற இந்தத் தொழிலில், மேலே ஏறி உட்காருகிற ஆளை மட்டும் எவனும் எண்ணுவதில்லை. என்ன கேடுகெட்ட பழக்கமோ! சர்தாரும் எண்ணியிருக்கவில்லை.

அடுத்த வேலை கம்பைநல்லூரில், தீர்த்தகிரி என்பவரின் புளிக் கிடங்கு. சர்தார் படம் போட்டார். மூடவில்லை. தரையைக் கழுவிவிட்டு வலப்பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தார். அப்போதும் உச்சிக்கு அடுத்த மூட்டில் வந்து கோடு அறுந்து நின்றது. இடைவெளியை அளந்தார். ஆறு அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு, நேராகக் கீழ்நோக்கி.

டீ கொண்டுவந்த அவர் மனைவி வஹிதா, "என்னங்க, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

"ஆண்டி எவ்ளோ எடை இருந்தான்னு ஞாபகம் இருக்கா?"

"மண்டித் தராசுல ஏறி நின்னு சிரிப்பானே. அறுவதுக்கு ஒரு கிலோ கம்மின்னு."

சர்தார் சாக்பீஸை எடுத்தார். இடைவெளியில் அந்தக் கோட்டைப் போட்டார். படம் மயிரிழை பிசகாமல் மூடிக்கொண்டது.

பட்டறையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போனார். காலையில் திறந்தால், படத்தில் எல்லாக் கோடும் போட்டது போட்டபடி இருந்தது. அந்த ஒரு மூட்டில் மட்டும் சாக்பீஸ் கலைந்திருந்தது, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி.

அந்தப் பாரத்தையும் சேர்த்தபோது கம்பி தடிமனாக வேண்டியிருந்தது. சட்டம் முறுக்காமலிருக்கக் குறுக்கே ஒரு கட்டும் போட்டார்.

"புளி மூட்டை அடுக்கத்தானங்க கேட்டேன். ஆனைய ஏத்தவா போறேன்?" என்று எரிந்து விழுந்தார் தீர்த்தகிரி.

"ஏறுற ஆளுக்குங்க. இல்லைன்னா ஒருத்தனையும் மேல அனுப்ப மாட்டேன். நீங்க வேற ஆளு பாத்துக்கலாம்."

புளி வருகிற சமயம், வேறு ஆளுக்கு எங்கே போவார்? முனகிக்கொண்டே விட்டுவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த பெரியண்ணன் மேலே ஏறினான். அரூர்ப் பக்கத்து ஆள், ஆண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் ஒரு சூறைக்காற்று வந்தது. அதே மூட்டில் கால் வழுக்கி, ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். சட்டம் முழுக்க அதிர்ந்தது. ஆனால் கம்பி தாங்கியது. பெரியண்ணன் எப்படியோ எம்பி மேலே ஏறி, பிறகு இறங்கி வந்தான்.

"பாய், மேல இருந்தவரு யாருங்க? அவரு கையக் குடுக்கலைன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். ஆனா கை என்னமோ சில்லுன்னு இருந்துச்சுங்க."

மேலே வேறு யாரும் ஏறியிருக்கவில்லை. சர்தார் அண்ணாந்து பார்த்தார். காற்று நின்றுபோயிருந்தது. கம்பி மட்டும் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த கூரைக்குப் படம் போட்டபோது, கூரைத் தகடு, காற்று, சுவர் இவ்வளவிலேயே அது மூடிக்கொண்டது. இடைவெளி இல்லை. மறுநாள் காலையில் எந்த மூட்டும் கலைந்திருக்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சர்தார் அந்தத் தரையில் உட்கார்ந்து, "போயிட்டியாடா" என்று வாய்விட்டு அழுதார்.

பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தகட்டுக்கு முன்னால், காற்றுக்கு முன்னால், முதல் கோடாக ஆறு அங்குலத்தைக் கீழ்நோக்கி இழுத்தார்.

வாசலில் நின்றிருந்த வஹிதா மெல்லக் கேட்டாள். "மறுபடியும் ஆண்டிக்கா?"

"இல்ல. பெரியண்ணனுக்கு. நாளைக்கு அவன்தான் ஏறணும்."