எங்கே படுப்பீர்கள் என்று கேட்ட ஏட்டம்மா

சிம்மக்கல்லில் மூட்டை இறக்கிவிட்டு அங்கேயே கடை வாசலில் படுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருவன் என்னை அடித்துப் போனைப் பிடுங்கிக்கொண்டான். அவன் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் மறுபடி அடிப்பான் என்று ஸ்டேஷனில் அதை மட்டும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் என் புகாரைக் கேட்டவர் ஒரு ஏட்டம்மா. நரைத்த கொண்டை, சிறிய மூக்குத்தி. ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் பேனாவை மூடி வைத்துவிடுவார். போலீஸ்காரர் எழுதாமல் கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

“இன்னைக்கு எங்கண்ணே படுப்பீங்க?”

“எதுக்குக் கேக்குறீங்க? எம்மேலயே கேஸ் போடவா?”

“போட்டா உள்ளயே படுத்துக்கலாம்ல” என்று சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். வாசலை மறிக்கிறார் என்று நினைத்தேன்.

“அடி விழுந்ததுல இடது காது கேக்கலையாண்ணே? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அடிச்சவனும் நீங்க படுக்குற எடத்துலதான படுக்குறான்? வேற எடம் பாத்துத் தாரேன். அப்புறமா பேரைச் சொல்லுங்க.”

காது கேட்காததையும், அவன் படுக்கும் இடத்தையும் நான் அவரிடம் சொல்லவே இல்லை.

காதுக்கு மருந்து போட்டுக்கொண்டு வந்து பெயரைச் சொன்னேன். அவர் ஏற்பாடு செய்த விடுதிக்கு மட்டும் போகவில்லை. சோழவந்தான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் சொல்லாமலே இம்புட்டுத் தெரிந்துகொண்டவர், என்னைப் பற்றி வேறு என்னென்ன தெரிந்துகொண்டாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.