சித்தி சொன்ன ரெஸ்தோரான்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு வழியில் படித்தவள். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டவுன்ஷிப்பில் கீரை விற்கிறவர்கூட ஷிஃப்ட், பிளாக், பர்மனென்ட் என்றுதான் பேசுவார். "பொண்ணுக்கு இங்கிலீஷ் வராதாமே" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தது. அதன் பிறகு சித்தி வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

என் கவலை வேறு. மறுநாள் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டும். பூங்கொத்துக்கான சொல்லை எழுத்துக் கூட்டி "பவ்குவெட்" என்று வாசித்துக்கொண்டிருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தாள்.

"பூக்கேன்னு சொல்லு. இது எங்க வார்த்தடி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவள் பக்கம் பக்கமாக விரல் வைத்துக்கொண்டே போனாள். டேபிள் அவளுடையது, ஃப்ரூட் அவளுடையது, வில்லேஜும் அவளுடையதாம். "எழுத்து அதேதான். நாங்க சொல்றதுதான் வேற." ஹோட்டலைக் குறிக்கும் ஒரு நீளமான சொல்லை மூக்கால் முடித்து "ரெஸ்தோரான்" என்று சொல்லிக் கொடுத்தாள். கேட்க அழகாக இருந்தது. மறுநாள் வகுப்பில் அப்படியே சொன்னேன். மொத்த வகுப்பும் சிரித்தது.

"உங்களாலதான் சித்தி! இனிமே நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் சித்தி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வா, ஒங்க டீச்சரப் பாக்கணும்." அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பள்ளி வராந்தாவில் டீச்சர் எடுத்த எடுப்பிலேயே ஆங்கிலத்தில் பேசினார். சித்தி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் பேச வராதுங்க டீச்சர். ஆனா நீங்க சொன்னதுல பாதி வார்த்த புரியுதுங்க. கொழந்த மேல தப்பில்லைங்க. நான்தான் பிரெஞ்சுல சொல்லிக் குடுத்துட்டேன்."

டீச்சர் முகம் மலர்ந்தது. "அந்த வார்த்தையே பிரெஞ்சுல இருந்து வந்ததுதாங்க. உள்ள வாங்க, பசங்களுக்கும் சொல்லலாம்."

வகுப்பில் டீச்சர் கதையாகவே சொன்னார். ஒரு காலத்தில் பிரான்ஸ் பக்கத்திலிருந்து போனவர்கள் இங்கிலாந்தை ஆண்டார்களாம். ஆட்டை மேய்த்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள், அதனால் அது ஷீப். சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள், அதனால் மட்டன்.

"பிரெஞ்சுல எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க டீச்சர்" என்றாள் சித்தி. "மேஞ்சிக்கினு இருந்தாலும் மூத்தோன், கொழம்புல கெடந்தாலும் மூத்தோன்."

வகுப்பு மறுபடி சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லை எடுத்து வீசினார்கள். ஆரஞ்சை அவள் எடுத்துக்கொண்டாள். மில்க், பிரெட் இரண்டையும், "அது எங்களுது இல்ல" என்று நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வாரமும் வாங்க" என்றார் டீச்சர்.

சாயங்காலம் நான் வெளியே வந்தபோது சித்தி பள்ளி கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நாளையிலேந்து இவள நானே வுட்டுட்டு, நானே அழைச்சிக்கினு வரேங்க்கா" என்றாள். அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. தனியாகப் போய்வர எப்போதோ பழகியிருந்தேன். நான்கு பேர் சிரித்துவிட்டதற்காக இந்த வயதில் எனக்குத் துணை எதற்கு என்று அன்று அம்மாவோடு பெரிய சண்டை போட்டேன். துணை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.