லிட்டருக்கு முப்பது

"இறங்கு, இறங்கு. ஏற்றம் வந்தாச்சு."

கார் நிற்கவில்லை, ஊர்ந்தது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழகிய காலால் தரையைத் தொட்டு இறங்கினாள். சாலை வளைந்து வளைந்து மேலேறும். பக்கத்துப் படிக்கட்டு நேராகப் போகும். எப்போதும் அவள்தான் முதலில் உச்சிக்குப் போவாள். அங்கே ஓடும் காரில் தாவி ஏற வேண்டும்.

"இன்னிக்கு மேல நிறுத்தித்தான் ஏத்தணும். முட்டி வலிக்குது. இல்லைன்னா இனிமே இந்த வண்டியில ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அவர் லாரி எடைமேடையில் பத்தொன்பது வருடமாக எடைச் சீட்டு கிழித்துக் கொடுப்பவர். லாரி வராத ஒரு மதியம் தன் காரை மேடையில் ஏற்றிப் பார்த்தார். எண்ணூற்று நாற்பது கிலோ. இதில் எதுவெல்லாம் வேண்டியதில்லை என்று யோசித்தார். ஸ்டெப்னி போனது. பிறகு பின் சீட், ரேடியோ, கதவுகளின் உள்பக்க அட்டை.

"ஸ்டீயரிங்கையும் கழட்டிடுங்க மாமா" என்றான் மச்சான்.

"அது நாலு கிலோகூட வராதுப்பா" என்றார், யோசித்துவிட்டு.

காசுக்காக என்றால் மனைவிக்குப் புரிந்திருக்கும். அவருக்கு வேண்டியது லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர். ஒரு வருடமாக இருபத்தொன்பதரையிலேயே நின்றது.

உச்சியில் அவள் நின்றிருந்தாள். கார் வந்தது. அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஓடி வா!"

"நிறுத்துங்க."

"நிறுத்தினா இருபத்தொன்பதுக்குப் போயிடும்!"

"நான் எங்க போறது?"

"பத்தடிதான், கொஞ்சம் ஓடு!"

அவள் அசையவில்லை. கார் நடை வேகத்தில்தான் அவளைக் கடந்தது. இவ்வளவும் பேச நேரமிருந்தது. பிரேக்கை மிதிக்கவும் இருந்தது. இறக்கம் தொடங்கியதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெட்ரோல் பங்கில் டாங்க்கை வாய்வரை நிரப்பினார். முப்பது புள்ளி மூன்று.

"அம்மா வரலையா சார்?" என்றார் பங்க்காரர்.

நோட்டில் எழுதப் போனவர் நின்றார். ஒவ்வொரு வரியிலும் 'ஆள் இரண்டு' என்றிருந்தது. அவரே போட்ட விதி. ஒரு ஆளோடு வந்த முப்பது செல்லாது.

நாளைக்கு வண்டியில் வருகிறாயா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தார். "உச்சியில நிறுத்துவீங்களா?" என்றாள்.

மறுநாள் மனைவி எட்டேகால் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அவர் ஐம்பத்தெட்டு கிலோ மணல் மூட்டையை அவள் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டார். ஏற்றத்திலும் மூட்டை காரிலேயே இருந்தது. இருபத்தேழு புள்ளி எட்டு வந்தது. நோட்டில் 'ஆள் இரண்டு' என்று எழுதினார். மதியம்வரை ஒன்பது லாரிகள் வந்தன. ஆறில் ஜல்லி. மூன்று காலி.