கம்பிப் பக்கத்துக் கிளை

அந்த அலுமினியத் துறட்டியை அத்திம்பேர் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கி, தோளில் சுமந்து வலியசாலை வீட்டுக்கு நடந்தே கொண்டுவந்தார். மூங்கிலைவிட எடை குறைவு, மழையில் இற்றுப்போகாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அக்காவின் கணவர் அவர். எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது தங்க ஓர் அறையும் தினம் ஒரு கேலியும் தந்தவர். அந்தத் துறட்டி முதல் நாளே என் கண்ணை உறுத்தியது என்று இப்போது சொன்னால் பொய். நானும் தூக்கிப் பார்த்து வியந்தவன்தான்.

கொல்லை மாமரத்தின் ஒரு கிளை மதிலைத் தாண்டி, சந்தில் போகும் மின்கம்பியை நோக்கி நீண்டிருந்தது. பயந்து யாரும் பறிக்காததால் காயெல்லாம் அதில்தான். மழைக்காலத்துக்கு முன் கம்பியோரக் கிளைகளைக் கழிக்க மின்வாரிய ஆட்கள் வருவார்கள். அந்த ஆண்டும் வந்தார்கள். "சாமி, கொப்பு கம்பிகிட்ட வந்தாச்சு. எடுத்துருவோம்" என்றார் திருநெல்வேலிக்கார மேஸ்திரி. அத்திம்பேர் மோர் கொடுத்து, "மாங்கா இறங்கட்டும் ஓய், அப்புறம் நானே வெட்டிடறேன்" என்று சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார். அவர் பேச்சுக்கு மயங்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. மேஸ்திரி மட்டும் சந்துமுனையில் நின்று கிளையைத் திரும்பிப் பார்த்தார்.

மழை முந்திக்கொண்டது. காற்றில் கிளை கம்பியில் உரசி இலைகள் கருகின; வாடை சமையலறைவரை வந்தது. "அவாளையே கூப்பிடுங்கோ" என்று அக்கா கெஞ்சினாள். மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தபோது கரண்ட் போனது. அத்திம்பேர் முகம் மலர்ந்தது. "இதுதான்டா சமயம். சொன்ன வாக்கை முடிச்சுடறேன்" என்று துறட்டியை எடுத்தார். வீட்டில் விளக்கு அணைந்தால் கம்பியைப் பற்றிப் பயமில்லை என்பது எங்கள் தெருவுக்கே உள்ள தைரியம். ஈரத் தரையில் அவர் வெறுங்காலோடு நின்றார். விழும் மாங்காயைப் பொறுக்க நான் வாளியோடு பின்வாசலில் நின்றேன். துறட்டி உயர்ந்துகொண்டே போனது. என் முதுகுக்குப் பின்னால் கூடத்து ஃபேன் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அக்கா சந்தோஷமாகக் கூவினாள்: "கரண்ட் வந்துடுத்து!"

அதற்குப் பிறகு அந்த வார்த்தைகளை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அத்திம்பேரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம், பிறகுதான் அழுகை. மரத்தை அடியோடு வெட்டிவிட்டோம். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் சுவரில் ஒரு துறட்டி சாய்த்து வைத்திருக்கிறார். அலுமினியம்தான். போன வாரம் மழை விட்ட நேரத்தில் கரண்ட் போனது. அந்தச் சுவரில் உலோகம் உரசும் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள், முழங்கால் வலிக்காரியான அக்கா வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.